நீர்விழுங்கிக்கு எத்தனை பங்கு?

பெங்களூரு
10-1-2025

ஜீவிதா,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழிக்காமல் உள்ளே வந்துவிட்டாய் என்றால் முதல் கண்டம் தாண்டியாயிற்று. நீ என் எண்ணை முடக்கி எட்டு மாதமாகிறது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. தபால்காரரை உன்னால் முடக்க முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஓர் உதவி வேண்டும். கேட்பதற்கு எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

'நெடுங்கிணறு' எழுதி முடித்துவிட்டேன். முதன்முதலாக ஆட வருகிறவர்களுக்கான சாகசம். சென்னையில் மரியசெல்வம் என்று ஒரு பதிப்பாசிரியர் இருக்கிறார். அவருக்கு இந்த விளையாட்டை விளக்கவே ஒரு மாலைப்பொழுது ஆனது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள் சார், ஒருத்தர் வீரன், ஒருத்தர் வைத்தியச்சி என்று ஆளுக்கொரு வேடம், கதைசொல்லி என்று ஒருத்தி நடப்பதைச் சொல்லி 'நீங்க என்ன செய்றீங்க?' என்று கேட்பாள், அவர்கள் செய்ய நினைப்பது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும் என்றேன். மனிதர் கடைசியில், "அப்ப இது எல்லாருமாச் சேர்ந்து சொல்ற கதைதானே?" என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். பெட்டியில் போட்டு, பகடையோடு, கடைக்குக் கொண்டுவரப் போகிறார். தமிழில் இப்படி ஒரு பெட்டி வருவது இதுதான் முதல் தடவை என்கிறார்.

ஆனால் நிபந்தனை வைத்திருக்கிறார். இதுவரை ஆடியே இராதவர்களிடம் இது ஓட வேண்டும். அப்புறம் அவர்களில் ஒருவரே, யாருடைய துணையும் இல்லாமல், புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். மே மாதத்துக்குள். நடக்கவில்லையென்றால் வெளிநாட்டுச் சாகசம் ஒன்றை மொழிபெயர்த்து அதே பெட்டியில் போட்டுவிடுவார். பனி மலை, மதுச் சத்திரம், குள்ளர்கள். இதற்காக நான் வேலையை விட்டிருக்கிறேன், ஜீவிதா.

இங்கே எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் பத்து வருடம் ஆடியவர்கள். தமிழ் படிக்கிற புது ஆட்கள் கிடைக்கவில்லை. உன்னால் முடியும்.

தமிழ்நிலா


திண்டுக்கல்
18-1-2025

மதிப்பிற்குரிய எழுத்தாளர் தமிழ்நிலா அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. தினம் அறுபது பேருக்கு நரம்பு தேடி ரத்தம் எடுக்கிற கை இது, பொறுமை அதிகம்.

எட்டு மாதம் என்று கணக்காகச் சொல்கிறாய், எதனால் என்று ஒரு வரி இல்லை. மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். பெங்களூரில் ஏதோ ஒரு மேடை. கையில் மைக். "எங்க ஊர் திண்டுக்கல் பக்கம். அங்க பிரியாணி தெரியும், பூட்டு தெரியும். இந்த மாதிரி ஆட்டமெல்லாம் அங்க ஒருத்தருக்கும் புரியாது." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தக் காணொளியை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்றைக்குத்தான் ஐந்து பேர் என் மேசையில் நாலு மணி நேரம் ஆடிவிட்டு, அடுத்த வாரம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கல்லூரி விடுதியில் நீயும் நானும் அட்டையை வெட்டி ஆரம்பித்ததை மூன்று வருடமாக இந்த ஊரில் விடாமல் நடத்துகிறவள் நான். நான் அந்த 'ஒருத்தருக்கும்' என்பதில் சேர்த்தியா, இல்லையா?

சரி. செய்து தருகிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. திண்டுக்கல் வெயிலில் உட்கார்ந்துகொண்டு என் ஜனம் பனிச்சறுக்கு ஆட வேண்டாம் என்பதற்காக.

என் நிபந்தனைகளையும் கேட்டுக்கொள். ஒன்று, போன் கிடையாது, எல்லாம் கடிதத்தில்தான். போனில் பேசினால் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இரண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுவேன், தேன் தடவ மாட்டேன்.

பழைய ஆட்கள் வேண்டாம் என்பதால் ஆள் பிடித்துவிட்டேன். எங்கள் லேப்பில் டோக்கன் கொடுக்கிற பொன்னழகு அக்கா. வடமதுரைப் பக்கம் தோட்டம், காலையில் முருங்கைக்காய் ஒடித்துப் போட்டுவிட்டு எட்டு மணிப் பேருந்தில் வேலைக்கு வருகிறவர். பக்கத்து மருந்துக் கடை கமர்ஜஹான். ரத்த மாதிரிகளை வண்டியில் கொண்டுபோகும் அந்தோணிராஜ் அண்ணன். ஞாயிறு மதியம் லேப் பூட்டியிருக்கும், நோயாளிகள் காத்திருக்கும் கூடம் காலி. பிரதியை அனுப்பு.

கு. ஜீவிதா


பெங்களூரு
24-1-2025

ஜீவிதா,

பிரதியும் பகடைகளும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. இருபத்தெட்டுப் பக்கம். மூன்று காட்சி, மூன்று பாடம். ஊர்ச் சாவடியில் விசாரிக்கும்போது பேசக் கற்றுக்கொள்வார்கள். நெடுங்கிணற்றின் படிகளில் இறங்கும்போது பகடை உருட்டக் கற்றுக்கொள்வார்கள். அடியில் நீர்விழுங்கி இருக்கிறது. ஊரின் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்க்கும் பூதம். அங்கே சண்டை போடக் கற்றுக்கொள்வார்கள். கொன்றால் தண்ணீர் ஊறும். கட்டம் கட்டியிருக்கும் வரிகளை அப்படியே படி. ஒரு சொல்லையும் மாற்றாதே.

அந்த மேடைப் பேச்சு வேடிக்கைக்குச் சொன்னது. நீ இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

இந்தப் பதினொரு வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்லது இந்தச் சண்டைக் காட்சிதான். கவனமாக நடத்து.

நிலா


திண்டுக்கல்
3-2-2025

தமிழ்நிலா,

வேடிக்கைக்குச் சொன்னாயாம். இருக்கட்டும், அதைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் காட்சி அருமை. சாவடியில் கமர்ஜஹான் விசாரித்த விசாரணையில் உன் ஊர்த்தலைவர் வியர்த்துப்போனார். இரண்டாவதும் நன்றாகப் போனது. அந்தோணிராஜ் அண்ணன் வாள்வீரர். படியில் வழுக்கி மூன்று உயிர்ப்புள்ளி போனதும், நிஜமாகவே முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அடிக்கு வந்தார்கள். நீர்விழுங்கி எழுந்தது. கட்டத்தில் இருந்ததை என் குரலைக் கனமாக்கிப் படித்தேன்: 'இந்தக் கிணறு என்னுடையது. இதில் ஒரு சொட்டும் உங்களுக்கு இல்லை.' படித்துவிட்டுப் பகடையை அண்ணன் பக்கம் தள்ளினேன்.

பொன்னழகு அக்கா கையை நீட்டிப் பகடையைத் தடுத்தார். "என்னுதுன்னா? முழுக் கிணறுமா, பங்கா?"

உன் பக்கங்களைப் புரட்டினேன். ஒன்றுமில்லை. "முழுசும்தான்" என்றேன்.

"வாயில சொன்னா ஆச்சா? வெட்டுனது ஊர்க்காரங்க. கல்லுக்கட்டுக் கட்டுனது ஊர்க்காரங்க. நீ பெறகு வந்து குடியிருக்க. சரி, இம்புட்டு வருசம் இருந்துட்ட, ஒனக்கும் ஒரு பங்கு உண்டு. வெரட்ட மாட்டோம். ஆனா முழுசும்னு பேசாத."

"அக்கா, நான் வெட்டவா?" என்றார் அந்தோணிராஜ் அண்ணன்.

"செத்த நேரம் சும்மா இருப்பா. பேச்சு நடக்குதுல்ல."

அதற்குள் கமர்ஜஹான் முகம் மாறிவிட்டது. "இரு இரு. ஒரு ஊர்த் தண்ணிய ஒத்த ஆளாக் குடிக்குது, இன்னும் தாகம் அடங்கலேங்குது. அதுக்குச் சுகர் இருக்கு!" என்றாள். நாங்கள் எல்லாரும் லேப், மருந்துக் கடை ஆட்கள், யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவளுடைய வைத்தியச்சிச் சீட்டில் ஒரே ஒரு குணப்படுத்தும் மந்திரம் கொடுத்திருந்தாய் அல்லவா, காயம் பட்ட வீரனுக்கென்று? அதைப் பூதத்தின் மேல் போட்டாள். கூடாது என்று நீ எங்கும் எழுதவில்லை. பகடையில் பத்தொன்பது விழுந்தது. தாகம் பாதி அடங்கியது என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்புறம் ஒன்றரை மணி நேரம் முறை வைத்தார்கள். எங்கள் பக்கம் தோட்டம் உள்ளவர்களுக்குத் தெரியும், ஒரு கிணற்றில் நாலு பங்காளி இருந்தால் இன்ன நாள் இன்னாருக்குத் தண்ணீர் என்று முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். அக்கா காகிதத்தில் கோடு போட்டு, பகல் முறை ஊருக்கு, ராத்திரி முறை பூதத்துக்கு என்று எழுதினார். "ராத்திரித் தண்ணிக்கு எவனும் சண்டைக்கு வர மாட்டான், அதை அதுக்குக் குடுத்துருவோம்" என்றார். பூதத்தின் நகத்தை மையில் தொட்டுக் கைநாட்டு வாங்கினார்கள். தண்ணீர் ஊறியது. மூன்று பேரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

உன் சண்டைக் காட்சியில் ஒரு அடி விழவில்லை.

கு. ஜீவிதா


பெங்களூரு
10-2-2025

ஜீவிதா,

நான் கேட்டது சோதனை. நீ நடத்தியது பஞ்சாயத்து.

நீர்விழுங்கிக்குச் சர்க்கரை நோயா? மூன்று வருடம் எழுதியிருக்கிறேன் அந்தப் பூதத்தை. அதன் ஒவ்வொரு அடிக்கும் கணக்குப் பார்த்திருக்கிறேன். அதைக் கைநாட்டு வாங்கி அனுப்பினீர்களா? சண்டை விதிகளைக் கற்றுக்கொடுக்கத்தான் அந்தக் காட்சியே இருக்கிறது. அவர்கள் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. இதை நான் மரியசெல்வம் சாரிடம் எப்படிச் சொல்வேன்?

ஒளிக்காமல் கேட்கிறேன். 'பங்கா, முழுசுமா' என்று எடுத்துக் கொடுத்தது நீதானே? அந்த மேடைப் பேச்சுக்குப் பழி வாங்குகிறாய். உன் வீட்டிலும் பங்குக் கிணறு உண்டு, எனக்குத் தெரியும்.

இன்னொரு மேசை வேண்டும். உன் லேப் ஆட்கள் வேண்டாம். வத்தலக்குண்டில் என் தம்பி பழனிக்குமாரும் அவன் கிரிக்கெட் கூட்டாளிகளும் இருக்கிறார்கள். சுறுசுறுப்பான பையன்கள், ஆடத் தெரிந்துகொள்வார்கள். அவர்களிடம் நடத்து. தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு நடத்து.

தமிழ்நிலா


திண்டுக்கல்
4-3-2025

தமிழ்நிலா,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் எடுத்துக் கொடுத்தேனா? பொன்னழகு அக்காவுக்கு எடுத்துக் கொடுக்கிற ஆள் இந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது போர்வெல். பங்குக் கிணறு உன் வீட்டில்தான். நாலில் ஒரு பங்கு, செவ்வாயும் சனியும் உங்கள் முறை. முந்தாநாள் உன் அம்மா சொன்னார், நான் கேட்கவில்லை, மோர் கொடுத்துக்கொண்டே தானாகச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் மடை திருப்பிவிட நீதான் போவாயாமே. பெங்களூர்த் தண்ணீர் குடித்து மறந்துவிட்டது போல.

இவ்வளவு திட்டிவிட்டும் உன் வேலையைச் செய்திருக்கிறேன். ஞாயிறு காலை வத்தலக்குண்டு போனேன். பழனிக்குமார், அவன் கூட்டாளிகள் இரண்டு பேர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர்கள் படிக்கிற பயிற்சி மைய மாடியில் மேசை போட்டோம். கொடைக்கானல் வண்டி கூவுகிற சத்தத்தில் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

உனக்கு மகிழ்ச்சியான செய்தி, சண்டை போட்டார்கள். கட்டத்து வரிகளைப் படித்து முடிப்பதற்குள் மூன்று பேரும் வாளை உருவிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உன் எழுத்துப்படியே உருட்டினேன். நீர்விழுங்கி ஓர் அடி அடித்தால் ஆறு முகப் பகடை இரண்டு, பன்னிரண்டு புள்ளி வரை போகும். புதுவீரனுக்கு மொத்த உயிரே எட்டு. முதல் சுற்றில் ஒருத்தன் செத்தான். இரண்டாவது சுற்றில் உன் தம்பி. மூன்றாமவன் படியேறி ஓடினான், அதே படியில் வழுக்கிச் செத்தான். மொத்தம் ஆறு நிமிடம். கணக்குப் பார்த்தேன் என்றாயே, யாரை வைத்துப் பார்த்தாய்? பத்து வருடம் ஆடிய உன் நண்பர்களை வைத்துத்தானே?

உன் தம்பி எழுந்து கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தான். வந்து நின்றுகொண்டே சொன்னான்: "ஜீவிக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதை எங்களுக்காக எழுதுன மாதிரித் தெரியல. வேற யாருக்கோ எழுதிட்டு எங்ககிட்ட ஆடச் சொல்லுது எங்கக்கா."

நான் சொல்லியிருந்தால் பழி வாங்குகிறேன் என்பாய். இது உன் கூடப்பிறந்தவன் சொன்னது. இனி நீயாயிற்று, உன் பூதமாயிற்று.

கு. ஜீவிதா


பெங்களூரு
15-3-2025

ஜீவி,

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். பழனி அப்படிச் சொன்னான் என்று படித்தபோது உன் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் எடுத்தேன். நான் ஆடிய சாகசங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு புதையல், அதற்கு ஒரு காவல், அதை ஒரு வெட்டு. அதையே எடுத்து ஒரு கிணற்றுக்குள் இறக்கி, நம்ம ஊர்ப் பெயரை வைத்துவிட்டு, பெரிதாகச் சாதித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எங்கள் முறை முடிய இன்னும் அரை மணி இருக்கும்போதே பெரியப்பா மடையை அடைத்துவிட்டார் என்று, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் நின்று சண்டை போட்டவள் நான். அது ஒரு புத்தகத்தில் வரத் தகுதியான விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஜீவி. பொன்னழகு அக்காவுக்கு உட்கார்ந்த இடத்தில் தோன்றியது.

அந்த மேடையில் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்து ஆட்கள். ஊரைக் கொஞ்சம் கீழே தள்ளினால் நான் கொஞ்சம் உயரமாகத் தெரிவேன் என்று சொன்னேன். உன் மேசையைப் பற்றித் தெரிந்தே சொன்னேன். அது தப்பு. இத்தனை மாதமும் தப்பு என்று தெரிந்தேதான் இருந்தேன், வாய்தான் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

மூன்றாவது காட்சியைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுத வேண்டும். 'பங்கு பேசுதல்' என்று ஒரு விதி. எதைக் கேட்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாம், எப்போது பகடை உருட்ட வேண்டும், பேச்சு முறிந்தால் என்ன ஆகும். அதை மேசையில் நடத்திப் பார்த்தவள் நீ. என்னால் தனியாக எழுத முடியாது. அன்று அக்கா போட்ட கோட்டுக் காகிதம் இருந்தால் அதையும் அனுப்பு.

நிலா


திண்டுக்கல்
22-3-2025

நிலா,

மன்னிப்பு வந்து சேர்ந்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை அழுதேன், அதை இங்கே எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இத்துடன் பதினாறு பக்கம் இருக்கிறது. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் அதே மூன்று பேரை உட்கார வைத்து, பேச்சு எங்கே நொண்டுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியது. உன் கடிதம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டேன், அதனால் ரொம்பத் துள்ளாதே.

சண்டையை முழுக்கத் தூக்கிவிடாதே. அந்தோணிராஜ் அண்ணன் பாவம், "நாலு மணி நேரம் கத்திய உருவி வெச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன் தங்கச்சி, கை வலிக்குது" என்கிறார். இரண்டாவது காட்சியில் படியில் நாலு வௌவாலை விடு. சின்ன வௌவால், ஒரு புள்ளிக்கு மேல் கடிக்காதது. அவர் வெட்டிக்கொள்ளட்டும். பழனிக்குமார் மாதிரி ஆட்கள் நீர்விழுங்கியை அடித்தால்கூட அது அவர்களைத் தூக்கி மேலே எறியட்டும், கொல்ல வேண்டாம். முதல் நாளே செத்தவன் திரும்ப வர மாட்டான்.

ஒரே ஒரு நிபந்தனை. பெயர். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அது ஆகாது. எழுதியவர்கள் என்று அட்டையில் வர வேண்டும். பொன்னழகு, கமர்ஜஹான், அந்தோணிராஜ். என் பெயரை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள். அவர்கள் பெயரில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜீவிதா


பெங்களூரு
28-4-2025

ஜீவி,

அச்சுக்கு முந்தைய பிரதி வந்துவிட்டது, ஒன்று அனுப்பியிருக்கிறேன். அட்டையைப் பார். ஐந்து பெயர், எல்லாம் ஒரே அளவு எழுத்து, அகர வரிசையில். அதனால் அந்தோணிராஜ் அண்ணன் முதலில் வருகிறார், நான் நாலாவது. மரியசெல்வம் சார், "இவங்கள்லாம் யாரும்மா, எழுத்தாளர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மே பதினெட்டு அவர் நேரில் வருகிறார். பொன்னழகு அக்காதான் நடத்த வேண்டும். நான் வரக் கூடாது, எழுதியவள் பக்கத்தில் இருந்தால் கண்ணாலேயே சொல்லிக்கொடுப்பேனாம். நீயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பனிமலைப் பிரதி அவர் பையில் தயாராக இருக்கிறதாம், அதையும் சொல்லிவிட்டார்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. அக்கா பயப்படுகிறாரா?

நிலா


திண்டுக்கல்
19-5-2025

அடியே நிலா,

அக்கா பயப்படுகிறாரா என்று கேட்டாயே. பயந்தது நாங்கள்தான்.

நேற்று வடமதுரை தாண்டி அக்காவின் ஊர், அக்காவின் வீட்டுக் கூடம். ஆட வந்தவர்கள் அவரோடு முருங்கை ஒடிக்கிற நாலு பெண்கள். ஒருத்திகூடப் பகடையைக் கண்ணால் பார்த்ததில்லை. மரியசெல்வம் சார் நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பனிமலைப் பிரதி அவர் பைக்குள் இருந்து எட்டிப் பார்த்தது, அட்டையில் நீலக் கலரில் ஒரு கோட்டை.

அக்கா பிரதியை எடுத்தார். ஓரம் முழுக்கப் பென்சில் குறிப்பு. நிமிர்ந்து சாரைப் பார்த்தார். "சார், இங்க சும்மா ஒக்காந்து பாக்கறவங்களுக்கு எடமில்ல. நீங்களும் ஒரு ஆளா வாங்க. ஜீவிதா, நீயும்தான். பேசக் கூடாதுன்னா சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னுதானே? ஆடலாம்ல?" அவர் மறுக்க வாயைத் திறப்பதற்குள் கையில் திருடன் சீட்டைத் திணித்துவிட்டார். பதிப்பாசிரியர் திருடனாக உட்கார்ந்தார்.

சாவடி முடிந்து, வௌவால் முடிந்து, அடிக்கு வந்தோம். நிலா, பூதங்களுக்குக் குரல் கொடுக்க எனக்கு மூன்று வருடம் பழக்கம் இருந்தும் தொண்டையைக் கனமாக்கத்தான் தெரிந்தது. அக்கா குரலை ஏற்றவே இல்லை. வெற்றிலை மெல்லுவது போல வாயை அசைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், "கெணறா? அது எங்கப்பன் காலத்துலருந்து எங்களுதுதான்" என்றார். அந்த நாலு பெண்களும் ஒரே நேரத்தில் 'ஆத்தாடி!' என்றார்கள். அக்காவின் குரலில் அவர் கொழுந்தனார் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டாராம். பன்னிரண்டு வருடமாக அக்கா தோட்டத்துக்குத் தண்ணீர் விடாத கொழுந்தனார்.

எனக்குத்தான் வழி தெரியுமே என்ற திமிரில் நான் முந்திக்கொண்டேன். "பகல் முறை ஊருக்கு, ராத்திரி முறை உனக்கு" என்றேன்.

"ராத்திரி முறையா? எனக்கா? பாம்பு பூச்சி மிதிச்சுக்கிட்டு நான் மடை திருப்பணும், நீங்க பகல்ல நோகாம பாய்ச்சுவீங்க. என்னயப் பாத்தா இளிச்சவாயனாத் தெரியுதா?" என்று பகடையை உருட்டினார். இருபது விழுந்தது. பூதம் என்னை மேலே தூக்கி எறிந்தது. கிணற்றை விட்டே வெளியே போய் விழுந்தேன். விதிப்படி இனி இந்தக் காட்சியில் எனக்கு வேலையில்லை. ஊரிலேயே பழைய ஆட்டக்காரி, முதல் ஆளாக வெளியே.

மீதியை அந்த நாலு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அதட்டினார்கள், கெஞ்சினார்கள், ஒருத்தி பூதத்தின் அம்மா பெயரை இழுத்தாள். 'பங்கு பேசுதல்' பக்கத்தை எடுத்து வைத்து, விட்டுக்கொடுத்ததற்கெல்லாம் பகடை உருட்டினார்கள். திருடன் சார் நோட்டைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, வாரத்துல ஒரு பகல் அதுக்குக் குடுத்துப் பாருங்களேன்" என்று கெஞ்சுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். ஐம்பது நிமிடம். கடைசியில் பூதம் இறங்கி வந்தது, கைநாட்டு வைத்தது. கூடத்தில் அவ்வளவு சத்தம், தெருவில் போன இரண்டு பேர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சார் நோட்டைத் தேடி எடுத்தார். "நீங்க சொன்ன பதில் புத்தகத்துல இல்லையேம்மா?" என்றார். அக்கா பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "'உங்கள் ஊருக்கு ஏற்றபடி பூதத்தைப் பேச வையுங்கள்'னு போட்டுருக்குல்ல சார்? எங்க ஊருக்கு இதான் ஏத்தம்."

அவர் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டார். "இவ்வளவு நல்லா நடத்துறீங்க. எத்தனை தடவை படிச்சீங்க? எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டீங்க?"

அக்கா அட்டையைத் திருப்பித் தன் பெயர் மேல் விரலை வைத்தார். "இது நாங்க எழுதுன புஸ்தகம்னு இவளுககிட்டச் சொன்னேன் சார். ஒருத்தியும் நம்பல. பொன்னழகாவது புஸ்தகம் எழுதறதாவதுன்னு சிரிச்சாளுக. அதான், நடத்திக் காட்டுனேன்."

அந்த நாலு பெண்களும் சிரிக்கவில்லை. ஒருத்தி எழுந்து வந்து, அட்டையை வாங்கி, எழுத்துக் கூட்டி அந்தப் பெயரைப் படித்தாள்.

நெடுங்கிணறு அச்சுக்குப் போகிறது, நிலா. சார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பெருமையாக இருக்கிறதடி. அக்காவை நினைத்து. என்னை நினைத்து. பாவாடையைச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றவளை நினைத்தும்தான்.

ஜீவி